முகம் மறைத்த வீரர்

நாடகமேடையிலே கதாநாயகன் வாள் வீசினால், அதனை வீசுபவன் அவனே. அவன் தடுக்கி விழுந்தால், விழுபவனும் அவனே. நடிப்போரும் பார்ப்போரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பொழுதில் இருப்பதனால் அங்கே ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை. திரைப்படத்தின் இயல்பு வேறு. அது துண்டு துண்டாகப் படம்பிடிக்கப்பட்டுப் பின்னர் ஒட்டி இணைக்கப்படுவது. குதிரையின்மேல் ஏறும் முகம் ஒருவருடையதாகவும், அக்குதிரையிலிருந்து விழும் உடல் மற்றொருவருடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் காணும் கண் ஒரே மனிதனைத்தான் காணும். திரைப்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இவ்வுண்மை அறியப்பட்டது. அதன் பயனாக உலகத்திலே ஒரு புதிய தொழில் பிறந்தது. பிறர் பெயரில் விழுதல், பிறர் பெயரில் தீயிற் புகுதல், பிறர் பெயரில் அடிபடுதல் என்பனவே அத்தொழில்.

இத்தொழிலைச் செய்வோரைச் சாகசக் கலைஞர் என்றும் பதிலாள் என்றும் வழங்குவர். அவர்களுக்கு மிக அணித்தாக நிற்பவர் துணை நடிகர். வில்லனின் வலக்கையாக வருபவர், மதுச்சாலையில் முதலடி வாங்குபவர், கோட்டைவாயிலிற் காவல் நிற்பவர் ஆகியோர் அவர். இன்று இவ்விரு தொழில்களையும் வெவ்வேறாகக் கருதுகின்றோம். ஆனால் 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவின் ஹொலிவூட் நகரிலே இவை பெரும்பாலும் ஒரே மனிதரின் இரு கைகளாக இருந்தன. அவ்விரு கைகளாலும் உழைத்து, இறுதியில் அத்தொழிலின் இயல்பையே மாற்றிவிட்ட ஒருவரின் வரலாறு இங்கே கூறப்படுகின்றது. அவர் பெயர் யகீமா கனட். அவர் அஞ்சாதவர் என்பது மட்டும் அவரை நினைப்பதற்குக் காரணமாகாது. அஞ்சாதவர் பலர் அக்காலத்தில் இருந்தனர். அவர்களிற் சிலர் இளமையிலேயே மாண்டும் போயினர். துணிவைத் தொழிலறிவாக மாற்றியவர் என்பதனாலேயே கனட் நினைக்கப்பட வேண்டியவராகின்றார்.

அவர் வருமுன் இருந்த நிலையை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் மந்தை ஓட்டித் திரிந்த குதிரைவீரருக்கு வேலை அருகிக்கொண்டு வந்த காலம் அது. புல்வெளிகளிலே வேலிகள் எழுந்தன, இருப்புப்பாதைகள் நீண்டன, நெடுந்தூரம் மந்தை ஓட்டிச் செல்லும் தொழில் மறைந்தது. குதிரையேற்றமன்றி வேறொரு கைத்தொழிலும் அறியாத அம்மனிதர்கள் ஊரூராகச் செல்லும் குதிரைக் கண்காட்சிக் குழுக்களிற் சேர்ந்தனர். பின்னர் ஹொலிவூட்டை நாடினர். அங்கே கௌவர் வீதியும் சன்செட் வீதியும் சந்திக்குமிடத்திலே, அகன்ற தொப்பியும் நெடுங்காலணியும் அணிந்து, நாட்கூலிக்கு ஆள் சேர்ப்போரை எதிர்பார்த்து அவர்கள் நிற்பது வழக்கமாயிற்று. குதிரையேறத் தெரிந்தவனுக்கு ஒரு கூலி. குதிரையிலிருந்து விழத் தெரிந்தவனுக்கு அதற்கு மேலும் கூலி. எப்படி விழுவது என்பதைச் சொல்லிக் கொடுப்பார் எவருமில்லை.

ஆடவர் மட்டுமன்றிப் பெண்டிரும் இத்தொழிலில் இறங்கினர். ஹெலன் கிப்சன் என்னும் பெண்மணி 1892 ஆம் ஆண்டிற் பிறந்தவர்; குதிரைக் கண்காட்சிகளிற் பங்குபற்றியவர். 'த ஹசார்ட்ஸ் ஒஃப் ஹெலன்' என்ற தொடர்படத்தில் முன்னர் கதாநாயகியாக நடித்த ஹெலன் ஹோம்ஸ் விலகியபோது, 1915 இல் அவ்விடத்துக்கு வந்தவர் இவர். அவ்வாண்டிலேயே, புகையிரத நிலையத்தின் கூரையிலிருந்து ஓடும் வண்டியின் மேல் அவர் குதித்த காட்சி படமாக்கப்பட்டது. கூரைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள தூரம் முன்கூட்டியே அளக்கப்பட்டிருந்தது. வண்டி நிற்கும்போது குதித்துப் பழகியுமிருந்தார். படம்பிடிக்கும்போது குறித்த இடத்திலேயே இறங்கினார். ஆயின் ஓடும் வண்டியின் விசை அவரை உருட்டிக்கொண்டு விளிம்புவரை சென்றது. கூரையிலிருந்த காற்றுப்போக்கியைப் பற்றிக்கொண்டு தொங்கியமையால் உயிர் தப்பினார். தூரத்தை அளந்தவர்கள் விசையை அளக்கவில்லை. கணக்கு பாதியில் நின்றுவிட்டது. மீதிக்கு அவருடைய கைவலிமை ஈடுகொடுத்தது.

இவர் வாழ்க்கையின் பிற்பகுதியும் இத்தொழிலின் தன்மையைக் காட்டுவதாகும். கதாநாயகியாக இருந்தவர் காலப்போக்கில் பிற நடிகையருக்குப் பதிலாளானார். பின்னர் பெயரில்லாத சிறு வேடங்களிலே தோன்றினார். 1962 இல் வெளியான ஜோன் ஃபோர்டின் படமொன்றில் நடித்தபோது அவருக்கு வயது எழுபதை அணுகியிருந்தது. பெண் வேடத்துக்குரிய சாகசங்களைக்கூடப் பொய்மயிர் தரித்த ஆடவரைக் கொண்டு செய்விப்பது அந்நாளைய வழக்கம். ஆதலால் இவர் போன்றோர்க்குக் கிடைத்த வேலையும் குறைவாகவே இருந்தது.

ஹெலன் கிப்சனுக்கு வாய்த்த நல்லூழ் யாவர்க்கும் வாய்க்கவில்லை. வானூர்தியின் இறக்கைமேல் நடந்து புகழ்பெற்ற ஓர்மர் லொக்லியர் என்ற விமானி, 1920 ஆகஸ்ட் 2 ஆந் திகதி இரவில் 'த ஸ்கைவேமன்' என்ற படத்துக்காகப் பறந்தபோது, சுழன்று கீழே வரும் ஊர்தியை நிமிர்த்த இயலாது தமது துணைவருடன் மாண்டார். அந்த விபத்தைக் காட்டும் படச்சுருளும் நீக்கப்படாமல் திரையிடப்பட்டது. 1928 இல் வெளியான 'த டிரெயில் ஒஃப் '98' என்ற படத்துக்காக அலாஸ்காவின் கொப்பர் ஆற்றிலே படகு செலுத்திய சாகசக் கலைஞர் சிலர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். காண்போர் சில கணம் மூச்சடக்கி இருப்பதற்காகச் சிலர் என்றென்றைக்கும் மூச்சடங்கிப் போயினர்.

இத்தகைய உலகத்துக்கு வந்து சேர்ந்தவரே கனட். இவருடைய இயற்பெயர் ஈனஸ் எட்வேர்ட் கனட். வொஷிங்டன் மாநிலத்திலே கோல்ஃபக்ஸ் என்ற ஊருக்கு அண்மையில், பண்ணைக் குடும்பமொன்றில் 1895 நவம்பர் 29 ஆந் திகதி பிறந்தார். பழக்கப்படாத குதிரைகளை அடக்குதல் இளமையிலேயே அவருக்குக் கைவந்திருந்தது. பதின்ம வயதிலேயே 'ரோடியோ' எனப்படும் போட்டிகளில் இறங்கினார். துள்ளிக் குதிக்கும் காட்டுக்குதிரையின் முதுகிலே குறித்த நேரம்வரை விழாதிருத்தலும், ஓடும் காளையைக் கொம்பு பிடித்து வீழ்த்துதலும் அப்போட்டிகளுட் சில. நம்முடைய ஏறுதழுவலோடு ஒப்பிடத்தக்க வீரவிளையாட்டு என அதனைக் கொள்ளலாம். ஓரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் நகரில் 1914 இல் நடைபெற்ற போட்டியின்போது, பத்திரிகைப் படமொன்றின் கீழ் அவர் பெயரோடு யகீமா என்னும் ஊர்ப்பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டது. அவர் அவ்வூரவரல்லர். ஆயினும் அப்பெயரே வாழ்நாள் முழுவதும் அவரோடு நின்றது. 1917 முதல் 1923 வரையான காலத்திலே பெண்டில்டனின் முதன்மை வீரர் பட்டத்தை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றார்.

அவ்வெற்றிகளே அவரைத் திரையுலகுக்கு அழைத்து வந்தன. 1920களின் நடுவில் அவர் ஊமைப்படங்களிலே கதாநாயகனாக விளங்கினார். 1926 இல் வெளியான 'த டெவில் ஹோர்ஸ்' அவற்றுட் குறிப்பிடத்தக்கது. அவருக்கு அந்நாளிற் பதிலாள் தேவைப்படவில்லை; தம்முடைய விழுகைகளைத் தாமே விழுந்தார். இந்நிலை நீடித்திருக்குமாயின் அவர் மறக்கப்பட்ட ஊமைப்பட நாயகர் பலருள் ஒருவராகியிருப்பார். 1920களின் இறுதியிலே படங்கள் பேசத் தொடங்கின. முதலாம் உலகப்போர்க் காலத்திற் கடற்படையிற் பணிபுரிந்தபோது கண்ட நோயினால் கனட்டின் குரல் பழுதுற்றிருந்தது. ஒலிவாங்கியின் முன் அக்குரல் எடுபடவில்லை. முப்பத்துநான்கு வயதளவில், உடலுரம் சற்றும் குன்றாத நிலையில், கதாநாயகப் பதவி அவரை விட்டு நீங்கிற்று.

இது போன்ற தருணத்தில் மனங்கசந்து விலகிச் சென்றோர் பலர். கனட் தம்மிடம் எஞ்சியது எதுவென எண்ணிப் பார்த்தார். குரல் போயிற்று, உடல் இருந்தது, உடலைப் பற்றிய அறிவு இருந்தது. இரண்டொரு வரி மட்டும் பேசும் வில்லனின் கையாளாகவும், பேசாத பதிலாளாகவும் அவர் மறுபிறவி எடுத்தார். சிறு நிறுவனங்கள் சில நாட்களுக்குள் எடுத்து முடித்த மலிவுப்படங்களும் வாராந்தத் தொடர்படங்களுமே அவருடைய தொழிற்கூடங்களாயின. 1930களின் தொடக்கத்தில் அங்கே அவர் சந்தித்த இளநடிகர் ஒருவர் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற ஜோன் வெயின். வெயின் கதாநாயகன், கனட் அவரைத் துரத்தும் கொள்ளையன், அதே படத்தில் வெயினுக்குப் பதிலாளும் கனட்டே. மேற்குநாட்டு வீரன் ஒருவன் எவ்வாறு நடப்பான், எவ்வாறு குதிரையில் அமர்வான், கோபம் மிகும்போது எவ்வாறு குரலைத் தாழ்த்துவான் என்பவற்றை வெயின் கனட்டைப் பார்த்தே கற்றார். உலகம் வெயினுடையதென அறிந்த நடையிலே கனட்டின் சாயல் இருந்தது.

இவ்விருவரும் ரொபேர்ட் பிராட்பரி என்ற நெறியாளரும் சேர்ந்து கண்ட ஒரு முறை, இன்று உலகெங்கும் சண்டைக் காட்சிகளின் அரிச்சுவடியாக உள்ளது. அதற்கு முன்னர் திரையிற் சண்டையிடுவோர் ஒருவர் தோளில் மற்றவர் மெய்யாகவே குத்துவர். அல்லது கட்டிப் புரள்வர். முன்னதில் உடல் நொந்தது. பின்னதிற் காட்சி சோர்ந்தது. கனட் குழுவினர் ஒளிப்படக் கருவியின் ஒரு குறைபாட்டை நன்மையாக மாற்றினர். மனிதனுக்குக் கண் இரண்டு; கருவிக்குக் கண் ஒன்று. ஒற்றைக்கண் முன்பின் தூரத்தைச் செம்மையாக அறியாது. ஆதலால் கருவியை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்து, எதிர்நிற்பவரின் மோவாய்க்குச் சில அங்குலம் அப்பால் கையை வீசினால், குத்து விழுந்ததாகவே திரையிற் தோன்றும். குத்து வாங்குபவர் உரிய கணத்திலே தலையை வெட்டித் திருப்பவேண்டும். ஓசையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். வலியைக் குறைத்த இம்முறை காட்சியின் வேகத்தைக் கூட்டிற்று. பாதுகாப்பும் கலைச்சிறப்பும் ஒன்றையொன்று கெடுப்பன என்ற எண்ணத்துக்கு இது முதல் மறுப்பாயிற்று.

1939 ஆம் ஆண்டு கனட்டின் வாழ்விலே உச்சமாக அமைந்தது. அவ்வாண்டில் வெளியான ஜோன் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' என்ற படத்தில், ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியொன்றை அப்பாச்சி வீரர் துரத்தி வருகின்றனர். அவர்களுள் ஒருவன் தன் குதிரையிலிருந்து பாய்ந்து வண்டியின் முன்னணிக் குதிரைகளின்மேல் ஏறுகின்றான். கதாநாயகன் சுடுகின்றான். அவ்வீரன் குதிரைகளுக்கிடையே நழுவி, வண்டியின் முன்தண்டைப் பற்றியபடி நிலத்தில் இழுபட்டுச் செல்கின்றான். மீண்டும் ஒரு வேட்டு. கைகளை விடுகின்றான். இருமருங்கும் குதிரைக் குளம்புகள் கடக்கின்றன. வண்டி அவனுக்கு மேலாகச் செல்கின்றது. அவ்வீரனாக விழுந்தவர் கனட். சற்றுப்பொழுதின்பின், கைதவறிப்போன கடிவாள வார்களை மீட்பதற்காகக் கதாநாயகன் ஓடும் குதிரைகளின் மேல் ஒவ்வொரு சோடியாகத் தாவி முன்னே செல்கின்றான். வெயினுக்குப் பதிலாக அவ்வாறு தாவியவரும் கனட்டே. ஒரே துரத்தற்காட்சியிலே பகைவனாக மாண்டவரும் நாயகனாக மீட்டவரும் ஒருவரே என்பதைக் கண்டவர் எவரும் அறியார்.

இக்காட்சி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேசப்படுகின்றது. பேசுவோர் பெரும்பாலும் துணிவையே வியப்பர். கனட் கருத்திற் கொண்டவை வேறு. அவர் குதிரைகளை மெதுவாக ஓட்டச் சொல்லவில்லை. விரைந்து ஓட்டவே வேண்டினார். மெதுவாக ஓடும் குதிரை பக்கவாட்டில் ஆடும். எங்கே கால்வைக்கும் எனக் கூறவியலாது. விரைந்தோடும் குதிரை நேராக ஓடும். அறியாதார் ஆபத்து என்று கருதும் வேகமே அறிந்தார்க்குக் காப்பாகின்றது. இடம் வறண்ட ஏரிப்படுகை. கல்லும் பள்ளமும் இல்லாத சமநிலம். உடலை நேராக நீட்டி, கால்களைச் சேர்த்து, கைகளை ஒடுக்கிக் கிடந்தால் இருமருங்குக் குளம்புகளுக்கும் இடையிலுள்ள வெளி போதுமானது. இவற்றையெல்லாம் எண்ணி முடித்த பின்னரே அவர் பாய்ந்தார்.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. அவை அரசனுக்குக் கூறப்பட்டவை. ஆயின் ஓடும் வண்டியின் அடியிற் கிடந்து மீளவேண்டிய ஒரு தொழிலாளிக்கு இவற்றினும் பொருத்தமான பாடத்திட்டம் வேறில்லை. செய்யும் செயலைப் பகுத்து ஆராய்தல், தன் உடலின் வலியும் விலங்கின் வலியும் அறிதல், கைவிடும் கணத்தை அறிதல், விழும் இடத்தை அறிதல் என்னும் நான்குமே கனட்டின் கலை. நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

அதே 1939 இல் வெளியான மற்றொரு பெரும்படம் 'கோன் வித் த விண்ட்'. அட்லாண்டா நகரம் எரியும் காட்சிக்காக 1938 டிசெம்பர் 10 ஆந் திகதி இரவு, பழைய படங்களுக்காகக் கட்டப்பட்டிருந்த அரங்குகளுக்குத் தீ மூட்டினர். கதாநாயகி வேடத்துக்கு எவரும் அன்றுவரை தெரிவு செய்யப்படவில்லை. ஆகவே தீயினூடே வண்டியிற் சென்றது நாயகியின் பதிலாளும், கிளார்க் கேபிளுக்குப் பதிலாக வண்டியோட்டிய கனட்டும் ஆவர். பின்னர் அதே படத்தில் நாயகியை வழிமறிக்கும் கயவனாகவும் கனட் தோன்றினார். அப்படத்தில் துணைவேடமேற்ற ஹட்டி மக்டானியல் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு 1940 பெப்ரவரி 29 ஆந் திகதி ஒஸ்கார் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் விழா மண்டபத்திலே அவர் தம் படக்குழுவினரோடு அமரவில்லை. ஓரத்தில் ஒதுக்கப்பட்ட சிறு மேசையிலேயே அமர்த்தப்பட்டார்.

துணை நடிகருக்கென ஒஸ்கார் பரிசு ஏற்பட்டமையே சற்றுப் பிந்தித்தான். முதல் விழா 1929 இல் நிகழ்ந்தது. துணை நடிப்புக்கான பரிசு 1936 ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதல் வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற வோல்டர் பிரெனன், முன்னர் கூட்டத்தில் ஒருவராகவும் சாகச வேலைக்காரராகவும் கூலிக்கு உழைத்தவர். பின்னர் 1938, 1940 ஆம் ஆண்டுப் படங்களுக்கும் அதே பரிசை வென்றார். முதல் ஏழு ஆண்டுகளும் துணை நடிகருக்குச் சிலை வழங்கப்படவில்லை; பட்டயமே வழங்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே முழுச்சிலை கிடைத்தது. துணை நடிகர் இவ்வாறேனும் மேடையேறினர். முகத்தை மறைப்பதே தொழிலாகக் கொண்ட பதிலாளுக்கோ பட்டயமும் இல்லை. அவர் இருப்பதை ஒப்புக்கொண்டால் நாயகனின் வீரம் பொய்யாகிவிடும் என நிறுவனங்கள் கருதின. பெயரின்மை அங்கே மறதியால் விளைந்ததன்று; விலை கொடுத்து வாங்கப்பட்டது.

மனிதர் நிலை இதுவாயின், வாய்பேசா விலங்கின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. ஓடும் குதிரையின் முன்கால்களிற் கம்பி பூட்டி, குறித்த தூரத்தில் அது இழுபட்டுக் குப்புற விழச் செய்யும் முறையொன்று அந்நாளில் இருந்தது. கனட்டும் அம்முறையைக் கையாண்டவரே. இதனை மறைத்தல் வரலாறாகாது. 1936 இல் வெளியான 'த சார்ஜ் ஒஃப் த லைட் பிரிகேட்' படப்பிடிப்பில் இவ்வாறு வீழ்த்தப்பட்ட குதிரைகள் பல அழிந்தன. 1939 இன் 'ஜெஸி ஜேம்ஸ்' படத்துக்காகச் செங்குத்தான பாறையிலிருந்து நீரிற் குதிக்க வைக்கப்பட்ட குதிரை ஒன்று மாண்டது. மக்களிடையே கண்டனம் எழுந்தது. 1940 முதல் அமெரிக்க ஜீவகாருண்யச் சங்கம் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கிற்று. குறிப்புக் காட்டியவுடன் தானாகவே விழப் பழக்கப்பட்ட குதிரைகள் காலப்போக்கிற் கம்பியின் இடத்தைப் பெற்றன.

கணக்கறிந்தவருக்கும் கணக்கு என்றும் நேர்நிற்பதில்லை. 1940 இல் 'பூம் டவுன்' படத்திலே கேபிளுக்குப் பதிலாகக் குதிரையேறியபோது, அக்குதிரை பின்புறமாகச் சரிந்து கனட்டின்மேல் விழுந்தது. உள்ளுறுப்புகள் காயமுற்றன. 1943 இல் 'ஐடஹோ' என்ற சிறுபடத்தில் வண்டியிலிருந்து விழுந்தபோது இரு கணுக்கால்களும் முறிந்தன. அப்போது அவருக்கு வயது 47. அவரையொத்த பலருக்கு அத்துடன் பிழைப்பு முடிந்துவிடும். கனட்டிடம் முறியாத ஒன்று இருந்தது. எப்படி விழவேண்டும் என்பதை எண்ணும் மூளை அது. இனி விழுபவர் பிறர். விழுகையை வகுப்பவர் தாம் என அவர் தொழிலை மாற்றிக்கொண்டார். பெருந்திரளும் போரும் ஓட்டமும் கொண்ட காட்சிகளைத் தலைமை நெறியாளரிடமிருந்து பிரித்து எடுக்கும் 'இரண்டாம் பிரிவு' நெறியாளரானார்.

அவர் செய்த கருவிகள் கண்ணைக் கவருவன அல்ல. குதிரை விழும்போது வீரனின் கால் அங்கவடியிற் சிக்கினால் அவன் நசுங்குவான் அல்லது இழுபடுவான். அங்கவடியின் ஒரு புறத்தைத் திறந்துவிட்டால் கால் தானாகவே நழுவும். கனட் அமைத்த அங்கவடி இவ்வாறு ஒரு புறம் திறந்தது. வண்டி கவிழும் காட்சியிற் குதிரைகளும் வண்டியோடு சேர்ந்து உருளுவது முன்னைய வழக்கம். உரிய கணத்திலே பூட்டு விலகிக் குதிரைகள் தப்பியோடவும், வண்டி மட்டும் கவிழவும் வல்ல பொறியையும் வடக்கயிற்றமைப்பையும் அவர் வகுத்தார். இவற்றைத் திரையிற் காணவியலாது. காணாதிருத்தலே இவற்றின் சிறப்பு. ஆனால் இவற்றால் எத்தனையோ கால்கள் முறியாமல் இருந்தன.

இந்த அறிவனைத்தும் ஒருங்கு திரண்ட காட்சி 1959 இல் வெளியான 'பென்ஹர்' படத்துத் தேர்ப்பந்தயம். அப்படத்தின் நெறியாளர் வில்லியம் வைலர். தேர்ப்பந்தயத்தை அன்ட்ரூ மார்டனும் கனட்டும் பொறுப்பேற்றனர். ரோமாபுரிக்கு அண்மையிலுள்ள சினெசிற்றாப் படப்பிடிப்பு நிலையத்தில் 18 ஏக்கர் பரப்பிலே பந்தயக்களம் எழுப்பப்பட்டது. யூகோஸ்லாவியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் குதிரைகள் வந்தன. நாற்குதிரைத் தேர் ஒன்பது. முன்னரே 1925 இல் இக்கதை படமானபோது பந்தயக் காட்சியிலே குதிரைகள் பல மாண்ட செய்தியைத் திரையுலகம் மறக்கவில்லை. கனட் முதலிற் செய்தது பயிற்சி. குதிரைகளைத் திங்கட்கணக்கிற் பழக்கினார், தேரோட்டிகளைப் பழக்கினார், கதாநாயகனாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனுக்கும் எதிராளியாக நடித்த ஸ்டீவன் பொய்டுக்கும் தேரோட்டக் கற்பித்தார். தேர்க்காலில் மிதிபடும் மனிதருக்குப் பதிலாகப் பொம்மைகள் வைக்கப்பட்டன. திரையில் ஒன்பது நிமிடமளவே ஓடும் அப்பந்தயத்தை எடுக்க, மூன்று மாதங்களில் விட்டுவிட்டு ஐந்து வாரங்கள் சென்றன.

ஹெஸ்டனுக்குப் பதிலாளாகத் தேரோட்டியவர் கனட்டின் மகன் ஜோ கனட். உடைந்து கிடக்கும் தேரொன்றின்மேல் இவருடைய தேர் பாய்ந்து செல்லவேண்டும். பாய்ந்தபோது ஏற்பட்ட விசையிலே ஜோ முன்புறமாகத் தூக்கியெறியப்பட்டார். தந்தை பார்த்துக்கொண்டு நிற்க, மகன் ஓடும் குதிரைகளுக்குப் பின்னே, தேரின் முன்விளிம்பைப் பற்றித் தொங்கினார். பின்னர் தாமே ஏறித் தப்பினார். மோவாயில் ஒரு வெட்டுக்காயமும் சில தையலுமே அவர் கொடுத்த விலை. திட்டமிடாத அக்கணம் படத்திலேயே இடம்பெற்றது. ஹெஸ்டன் தேரில் மீண்டும் ஏறுவதாக ஓர் அண்மைக்காட்சி எடுத்து அதனோடு இணைக்கப்பட்டது. பந்தயத்தில் ஒருவர் இறந்தார் என்ற வதந்தி நெடுங்காலம் நிலவிற்று. உண்மையில் எவரும் இறக்கவில்லை. இறப்பு நேர்ந்ததென்று உலகம் நம்பும் அளவுக்குக் காட்சி மெய்போல இருந்தது. இறப்பு நேராத அளவுக்குக் கணக்கு மெய்யாக இருந்தது. அப்படம் பதினொரு ஒஸ்கார் பரிசுகளை வென்றது. சாகசத்துக்கென ஒரு பரிசு அப்பட்டியலில் இல்லை. அவ்வாறான பிரிவே அன்று இருக்கவில்லை.

காலம் சிறிது சிறிதாக மாறிற்று. 1961 இற் சாகசக் கலைஞர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1967 இல் பெண் கலைஞரும் தனிச்சங்கம் கண்டனர். அதே 1967 இல் கனட்டுக்கு ஒஸ்கார் கழகத்தின் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. சாகசக் கலைஞராக அவர் ஆற்றிய பணிக்காகவும், சாகசக் கலைஞர் எங்கிருப்பினும் அவர்களைக் காக்கும் கருவிகளை ஆக்கியதற்காகவும் அப்பரிசு என்று பொறிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 71. அப்பாராட்டில் விழுகைக்கு ஒரு பங்கு. காப்புக்கு ஒரு பங்கு. பிற்பங்கே பெரிதென அவரை அறிந்தோர் கூறுவர். 1979 இல் தமது வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1986 மே 24 ஆந் திகதி, தொண்ணூறு வயதில், நோயுற்றுப் படுக்கையில் உயிர் நீத்தார். இத்தொழிலிலே முதுமை எய்தி இறப்பதுதான் மிகப்பெரிய சாதனை.

அவருடைய கலை நம் நாட்டு எல்லையையும் தொட்டுச் சென்றது. 1981 இல் வெளியான இந்தியானா ஜோன்ஸ் படத்தில், கதாநாயகன் ஓடும் லொறியின் அடியிற் புகுந்து பின்புறமாக வெளிவரும் காட்சி 'ஸ்டேஜ்கோச்' விழுகைக்குச் செய்த வணக்கமாகும். அதனைச் செய்தவர் டெரி லெனார்ட். உடல் நசுங்காதிருக்க லொறியின் அடிப்பாகம் உயர்த்தப்பட்டது. பாதையில் நீளப்பள்ளமும் வெட்டப்பட்டது. கனட்டின் கணக்கு அங்கே வாழ்ந்தது. அத்தொடரின் இரண்டாம் படத்தை எடுக்க 1983 இல் அக்குழுவினர் கண்டிக்கு வந்தனர். கயிற்றுப்பாலம் அறுந்து தொங்கும் புகழ்பெற்ற காட்சிக்கான பாலம், விக்டோரியா அணைக்கட்டு வேலையிலிருந்த பொறியியலாளரின் உதவியுடன் நம் மலைநாட்டிலே கட்டப்பட்டது. பாலம் அறுபடும்போது அதிலிருந்து விழுந்தவை மனிதவுருப் பொம்மைகளே. ஆளுக்குப் பதிலாக ஆளை வைத்த தொழில், ஆளுக்குப் பதிலாகப் பொம்மையை வைக்குமிடத்தை அறிந்துகொண்டிருந்தது.

கனட்டுக்குப் பின் சாகசக் கலைஞராகப் புகழ்பெற்ற ஹல் நீடம் 2012 இலே சிறப்பு ஒஸ்கார் பெற்றார். எனினும் ஆண்டுதோறும் வழங்கும் பரிசுகளிலே சாகசத்துக்கு இடமில்லை என்ற நிலை தொடர்ந்தது. 2025 ஏப்ரலில் ஒஸ்கார் கழகம் சாகச வடிவமைப்புக்கெனப் புதிய பிரிவொன்றை அறிவித்தது. 2027 இல் வெளியாகும் படங்களுக்கு, 2028 இல் நிகழவுள்ள நூறாவது விழாவிலே அது முதன்முதல் வழங்கப்படும் என்பது அவ்வறிவிப்பு. அப்பிரிவின் பெயரிலே 'வடிவமைப்பு' என்ற சொல் இருப்பதை நோக்குக. பரிசு துணிந்து விழுந்தமைக்கன்று, எண்ணி வகுத்தமைக்கு. கனட் தம் முறிந்த கணுக்கால்களோடு 1943 இற் கண்ட உண்மையை, கழகம் தனிப்பிரிவு வகுத்து ஏற்றுக்கொள்வதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

நேயர்களே, அடுத்த முறை திரையிலே ஒருவர் குதிரையிலிருந்து சாய்வதைக் காணும்போது, அவர் முகம் உங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதே அவர் தொழில். ஆனால் அவர் அங்கவடியிலிருந்து கால் எளிதாக நழுவுகின்றது. விழும் நிலம் முன்னரே சோதிக்கப்பட்டிருக்கின்றது. மாலையானதும் அவர் எழுந்து, தூசி தட்டி, தம் வீட்டுக்கு நடந்து செல்கின்றார். அவ்வாறு நடந்து செல்ல வழிசெய்தவர்களின் பெயர்களை அறிந்திருத்தல், அவர்கள் விழுந்ததைக் கண்டு மகிழ்ந்த நமக்குக் கடன்.